அரச பணத்தில் மீட்பு: உங்கள் எம்.பி. எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கிற கடையில் ஒருவர் போனை நீட்டி ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றைக் காட்டினார். மக்களின் காசில் வங்கிகளைக் காப்பாற்ற விடமாட்டோம் என்ற ரீதியில் ஒரு எம்.பி. முழங்கிக்கொண்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அன்றிரவு அந்த விவாதத்தின் ஹன்சார்ட்டை, அதாவது சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவைத், திறந்து பார்த்தேன். பேச்சு இருந்தது, வாக்களித்தவர்களின் பெயர்ப் பட்டியலும் இருந்தது, ஆனால் 'ஆம்' பக்கத்திலும் அவர் பெயர் இல்லை, 'இல்லை' பக்கத்திலும் இல்லை.

அதனால் வீடியோவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அது எந்தத் தேதிக்குரியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்ட் தேதி வாரியாகக் கிடக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. முதலில் வருவது பிழை திருத்தப்படாத பிரதி, அதில் இருக்கிற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள். சபாநாயகர் நீக்கச் சொன்ன வார்த்தைகள் அச்சில் வராது என்பதையும் மனதில் வையுங்கள். வீடியோவில் கேட்டது ஹன்சார்ட்டில் இல்லை என்றால் அது சதி என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

தேடுவதில்தான் பலர் அலுத்துப்போகிறார்கள். ஹன்சார்ட்டில் உறுப்பினரின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வரும், ஆனால் பேச்சு அவர் பேசிய மொழியில் மட்டுமே இருக்கும். தமிழில் பெயரைத் தட்டினால் சில கோப்புகளில் எனக்கு ஒன்றுமே அகப்படவில்லை (எழுத்துருப் பிரச்சினை என்று நினைக்கிறேன்), ஆங்கில எழுத்தில் போட்டதும் வரிசையாக வந்தது. சிங்களத்தில் பேசியிருந்தால் கூகிள் மொழிபெயர்ப்பை நம்பி இருக்காமல் அலுவலகத்தில் யாரிடமாவது இரண்டு பந்தியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நக்கலும் பழமொழியும் கலந்து பேசுகிறவர்கள் எம்.பி.க்கள், இயந்திரத்துக்கு அது பிடிபடாது.

அப்புறம், அரச பணத்தில் காப்பாற்றுவதைக் குறிக்கும் 'பிணையெடுப்பு' என்ற சொல்லை மட்டும் தேடி இருக்காதீர்கள். காசு கொடுக்கிற தரப்பு ஒருநாளும் அப்படிச் சொல்லாது. வங்கி என்றால் மூலதனத்தைப் பலப்படுத்துதல், கூட்டுத்தாபனம் என்றால் திறைசேரி உத்தரவாதம் அல்லது கடனைப் பொறுப்பேற்றல், ஆண்டு நடுவில் காசு கேட்டால் குறைநிரப்பு மதிப்பீடு. 2024ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்துக்காக 450 பில்லியன் ரூபாய் முன்மொழியப்பட்டது. உங்கள் எம்.பி. அதைப் பற்றி என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டுமானால் 2023 நவம்பர், டிசம்பர் விவாதங்களுக்குள் இறங்க வேண்டும்.

வாக்குதான் எனக்கு முக்கியம். சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் ஏற்பாடு பற்றிய தீர்மானம் 2023 ஏப்ரல் 28இல் ஆதரவு 120, எதிர்ப்பு 25 என்று நிறைவேறியது. சபையில் 225 பேர். மிச்சம் 80 பேரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதில் சபாநாயகர் ஒருவர் போக, மற்றவர்களில் யார் சுகமில்லாமல் வீட்டில் இருந்தார், யார் கட்சி முடிவால் ஒதுங்கினார், யார் இரண்டு பக்கமும் பகைக்காமல் தேநீர் அறைக்குள் போனார் என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். அடுத்த நாள் பத்திரிகைகளில் கட்சிகள் சொன்ன விளக்கம் இருக்கும், அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். சில விடயங்கள் வாக்கெடுப்பின்றியே நிறைவேறும், அப்போது பேச்சைத் தவிர உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

ஒரேயொரு விவாதத்தை மட்டும் வாசிக்க நேரம் இருக்கிறதென்றால் 2023 ஜூலை 1, சனிக்கிழமை நடந்த உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு விவாதத்தை எடுங்கள். 122க்கு 62. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளை (அரசு கடன் வாங்கக் கொடுக்கிற பத்திரங்கள்) தொடவில்லை, ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வூதிய நிதியங்களுக்கோ முறிகளைக் குறைந்த வட்டி முறிகளாக மாற்று, இல்லாவிட்டால் முறி வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி கட்டு என்று நிபந்தனை. வங்கிகள் ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவை ஆடினால் வைப்பாளர்கள்தான் மாட்டுவார்கள் என்பது அரசின் வாதம். தொழிலாளியின் சேமிப்பைச் சுரண்டி வங்கியைக் காப்பாற்றுகிறீர்கள் என்பது எதிர்வாதம். இதில் ஒரு உறுப்பினர் எந்த வாதத்தை எடுத்தார், எண்களோடு பேசினாரா அல்லது பத்து நிமிடமும் முந்தைய அரசைத் திட்டியே முடித்தாரா என்று பாருங்கள். யாரைக் காப்பாற்ற, யார் தலையில் சுமை என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அடுத்தது ஆசனம். எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது பேசியதையும் ஆளுங்கட்சிக்கு வந்தபின் பேசியதையும் இரண்டு நிரலாக எழுதுங்கள். அனுர குமார திசாநாயக்க எதிர்க்கட்சியில் இருந்தபோது நாணய நிதிய ஏற்பாட்டைக் கடுமையாக விமர்சித்தார், 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானபின் அதே வேலைத்திட்டம் தொடர்ந்தது. மாறியதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன், மாறியதற்குச் சொன்ன காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் நியாயம். 2008இல் அமெரிக்காவில் 700 பில்லியன் டொலர் வங்கி மீட்புச் சட்டமூலம் செப்டெம்பர் 29இல் பிரதிநிதிகள் சபையில் 205க்கு 228 என்று தோற்றது, பங்குச் சந்தை விழுந்தது, ஒக்டோபர் 3இல் 263க்கு 171 என்று வென்றது. அந்தச் சபை உறுப்பினர் ஜோன் லூயிஸ் போன்றவர்கள் அந்த ஐந்து நாளைக்குள் மாறி வாக்களித்தவர்கள்தான்.

சபைக்கு வெளியே பேசியதையும் விடக்கூடாது. உள்ளே பேசுவதற்குச் சிறப்புரிமைப் பாதுகாப்பு உண்டு, வழக்குப் போட முடியாது. ஒரு வங்கியின் பெயரைச் சொல்லி உள்ளே குற்றம் சாட்டியவர் ஊடக சந்திப்பில் அதையே சொல்கிறாரா, இல்லை 'ஒரு நிறுவனம்' என்று சுருதியைக் குறைக்கிறாரா என்று கவனியுங்கள். அரசாங்க நிதி பற்றிய குழு, அரச நிறுவனங்களை விசாரிக்கும் கோப் குழு என்ற பாராளுமன்றக் குழுக்களின் அறிக்கைகளையும் புரட்டுங்கள். சபையில் சத்தமே போடாத சிலர் அங்கே அதிகாரிகளைக் கேள்விமேல் கேள்வி கேட்டுக் குடைந்திருப்பார்கள். சிறிய கட்சிக்காரருக்குச் சபையில் நாலைந்து நிமிடம்தான் கிடைக்கும், அதை வைத்து அவருக்கு நிலைப்பாடே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் தேதி, பேச்சு, வாக்கு, பேசும்போது இருந்த ஆசனம் என்று நாலு நிரலில் எழுதினால் போதும். இடைவெளி தெரிகிற இடத்தில் எம்.பி.க்கே கடிதம் போடுங்கள், தேதியையும் ஹன்சார்ட் நிரல் எண்ணையும் குறிப்பிட்டு. நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கடையில் வீடியோ காட்டியவர் மட்டும் அந்தப் பட்டியலைத் தனக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டார்.