தோள் இறுகினால் தோளை மட்டும் பார்க்காதீர்கள்

அம்மாவால் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூ வைத்துக்கொள்ள முடியவில்லை என்று தெரிந்தது ஒரு சித்திரைத் திருவிழாவின்போது. பத்து நாள் கழித்து ஜாக்கெட் கொக்கி மாட்டவும் ஆள் தேவைப்பட்டது. "வாயு பிடிச்சிருக்கு" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. நாங்களும் நம்பினோம். தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம், பிறகு நீவி விடுகிற ஒருவரிடம் கூட்டிப் போனோம். அவர் கையைப் பிடித்து மேலே ஒரே இழுப்பாக இழுத்தார். அடுத்த இரண்டு இரவும் அம்மா உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

நான்கு மாதம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனோம். அவர் தோளைப் பார்த்துவிட்டு முதலில் எழுதிக் கொடுத்தது ரத்தப் பரிசோதனை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

அந்த இழுப்பிலிருந்தே தொடங்குகிறேன். தோள் மூட்டைச் சுற்றி உறை போல ஒரு சவ்வு இருக்கிறது. அம்மாவுக்கு வந்த இந்தத் தோள் இறுக்கத்தை ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். அதில் அந்த உறை தடித்துச் சுருங்குகிறது. புண் ஆறும்போது தழும்பு கட்டுகிற அதே வகைச் செல்கள்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. கொலாஜன் என்ற நாரை உண்டாக்கி, இழுத்துச் சுருக்கும். புண் ஆறியதும் அவை ஓய்ந்துவிட வேண்டும். இங்கே ஓயாமல் தொடர்கின்றன. முதல் சில மாதங்கள் வலி, பிறகு இறுக்கம், அப்புறம் மெல்லத் தளர்வு என்று முழுச் சுற்றுக்கும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் ஆகலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது வெடுக்கென்று இழுப்பது, ஆறாத புண்ணைக் கிளறுவதுதான். 2004-இல் நெதர்லாந்தில் 77 நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வலி தாங்கும் அளவுக்குள் மட்டும் கையை அசைத்தவர்களில் 89 சதவீதம் பேர் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தார்கள். வலியை மீறிக் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதம் பேர்தான்.

அதற்காகக் கையைத் தூளியில் போட்டுச் சும்மா வைத்திருப்பதும் தவறு. குனிந்து நின்று கையை ஊசல் போலத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது போன்றவற்றைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் போதும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சர்க்கரையைப் பார்க்காமல் விடுவது. பொதுவாக நூறில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வருகிற இந்த நோய், சர்க்கரை உள்ளவர்களில் பத்து முதல் இருபது பேருக்கு வருகிறது. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை கொலாஜன் நாரில் போய் ஒட்டிக்கொள்ளும். நாருக்கும் நாருக்கும் இடையே பிணைப்பு விழுந்து, நெகிழ்வாக இருக்க வேண்டியது விறைத்துப்போகும். இது தோளோடு நிற்பதில்லை. மீனாட்சி அம்மன் சந்நிதியில் கும்பிடும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைகளைப் பாருங்கள். உள்ளங்கையும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விரல்களுக்கு நடுவே சந்து தெரிந்தால் அது நீண்ட நாள் சர்க்கரையின் தடயமாக இருக்கலாம். மருத்துவர்களே இதை ஒரு அறிகுறியாகச் சோதிக்கிறார்கள். மடக்கிய விரல் நிமிர மறுத்துச் சடக்கென்று விடுபடுவதும் சர்க்கரைக்காரர்களிடம் அதிகம். தோள் இறுகியவர்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

"எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, எனக்கும் வந்திருச்சு, தலையெழுத்து" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டுதான். உள்ளங்கையில் முடிச்சு விழுந்து மோதிர விரலும் சுண்டு விரலும் உள்பக்கம் மடங்கிவிடும் டியூபிட்ரான் என்ற நோய் இருக்கிறது. வட ஐரோப்பியர்களிடம் அதிகம். டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், அந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்று கண்டார்கள். 2021-இல் பிரிட்டனில் ஃப்ரோசன் ஷோல்டருக்கான மரபணுக்களைத் தேடியபோது, டியூபிட்ரானோடு தொடர்புள்ள டபிள்யூஎன்டி7பி என்ற மரபணுவின் பக்கமே இங்கேயும் வலுவான தடயம் கிடைத்தது. உள்ளங்கையும் தோளும் இறுகுவதற்கு ஒரு பொது வேர் இருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இத்தகைய மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றும் கொடுப்பது சிறிய உந்துதல்தான். அதனால் தோள் இறுகியதற்காக மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. தொடக்க கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும், பயந்து ஒதுக்க வேண்டாம். ஆனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லா இறுக்கத்தையும் ஒரே பெயரில் அடைப்பதும் ஆபத்து. காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் வீங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்க மறுத்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். குளிர்ந்த நீரில் விரல் வெளுத்து நீலமாகி, தோலும் இறுகினால் அது வேறு நோய், தாமதிக்கக் கூடாது. இடது தோள் வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் தைலத்தைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாகக் குழந்தைகள். நம் பக்கம் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது வழக்கம். அம்மாவின் தோள் இறுகியதற்கு அந்த உறவைக் காரணம் காட்டுவதில் பொருளில்லை. ஆனால் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் விரல் மூட்டுகள் முண்டுமுண்டாகப் பெருத்து, நிமிராமல், ஓடவும் சிரமப்பட்டால் கதை வேறு. ரத்தத்தில் அழற்சிக் குறி எதுவும் இல்லாமலேயே இப்படி வரும் பிறவி நோய் ஒன்று இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான சிசிஎன்6 மரபணு வந்து சேர்ந்தால் வருவது. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் இதற்கான வாய்ப்பு கூடுதல். குழந்தைகளின் மூட்டுவாதம் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்தாலும் அது கேட்காது. எம்பிஎஸ் (மியூகோபாலிசாக்கரிடோசிஸ்) என்ற இன்னொரு பிறவி நோயிலும் மூட்டு இறுகும். அதன் சில வகைகளுக்கு நொதியை ஊசி வழியாக ஏற்றும் சிகிச்சை இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். இங்கேதான் மரபணுப் பரிசோதனை அவசியம். இருவரிடமும் ஒரே மரபணுவின் பழுது இருக்கிற தம்பதிக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு மறுபடியும் வர வாய்ப்பு உண்டு என்பதால், அடுத்த குழந்தைக்கு முன்பே அதைச் செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் "சொந்தத்துல கட்டினதா?" என்று கேட்டால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். அவருக்கு அந்த ஒரு பதில் பெரிய துப்பு.