வெளிநாட்டு கம்பெனி மீது வழக்கா? முதலில் ரசீதை எடுங்கள்

வெளிநாட்டு நிறுவனத்தின் மீது சொந்த நாட்டிலேயே வழக்குப் போட முடியுமா? பல நேரங்களில் முடியும். வக்கீலிடம் போகும் முன் ரசீதின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். விளம்பரத்தில் பார்த்த பிராண்ட் ஒன்று, பணம் வாங்கிய கம்பெனியின் பதிவுப் பெயர் இன்னொன்றாக இருக்கும். அந்தப் பெயரிலேயே உங்கள் நாட்டில் கிளை இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். துணை நிறுவனம் என்றால் கவனம், சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள்.

ஒப்பந்தத்தில் ‘எங்கள் நாட்டு நீதிமன்றத்தில் மட்டுமே’ என்ற வரியைப் பார்த்ததும் தளர்ந்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1215/2012 ஒழுங்குமுறைப்படி, அங்குள்ள நுகர்வோர், தன் நாட்டை நோக்கி வியாபாரம் செய்த நிறுவனத்தின் மீது தான் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். வியாபாரிகளுக்குள் போட்ட ஒப்பந்தத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

பலர் கோட்டை விடுவது சம்மன் விஷயத்தில்தான். வெளிநாட்டில் சம்மன் சேர்ப்பிப்பது பற்றிய 1965 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் இதற்கென்றே ஒரு மைய அமைப்பு உண்டு. இந்தியா, சீனா, ஜெர்மனி போன்றவை வெளிநாட்டுச் சம்மன் நேராகத் தபாலில் வருவதை ஏற்பதில்லை. மைய அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும், மொழிபெயர்ப்பும் வேண்டியிருக்கும். மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் வழக்குப் போடுவதற்கான காலவரம்பு முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

தீர்ப்பு வந்தாலும் பணம் வசூலாவது கம்பெனியின் சொத்து இருக்கும் இடத்தில்தான். உங்கள் நாட்டில் அதற்கு வங்கிக் கணக்கோ சரக்கோ இருக்கிறதா என்பதை மனு போடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.