கம்பெனி இல்லாத இடத்தில் பதிப்புரிமை யார் தலையில்?

யூடியூபில் ஒரு வீடியோமீது பதிப்புரிமைப் புகார் வந்தால் அதைக் கையாள கூகுள் இருக்கிறது. பீர்டியூபில் யார் இருக்கிறார்கள்? யூடியூப் போன்ற வீடியோ தளத்தை நாமே நடத்த, பிரான்ஸின் ஃபிராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கிய மென்பொருள் அது. முதல் நிலையான பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். சர்வர்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து வீடியோக்களைப் பகிர்ந்துகொள்ளும். மையமே இல்லையே, யாரைப் பிடிப்பார்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சர்வரை வாடகைக்கு எடுத்து, டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) தன் பெயரில் பதிந்தவர்தான் அங்கே கம்பெனி. ஃபிராமாசாஃப்ட் மென்பொருளை எழுதியதே தவிர, உங்கள் சர்வரில் இருப்பதற்குப் பொறுப்பேற்காது.

அதிகம் பேர் சறுக்குவது யூடியூப் சேனலை அப்படியே இங்கே இறக்குமதி செய்யும்போது. பீர்டியூபில் அதற்கு வசதி இருக்கிறது, இணைப்பைக் கொடுத்தால் போதும். அண்ணன் கல்யாண வீடியோ, பின்னணியில் சினிமா பாட்டு என்று வைத்துக்கொள்வோம். யூடியூபில் அது பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்திருக்கும். காரணம், பாட்டை யூடியூபின் தானியங்கிக் கண்டறியும் முறையான கன்டென்ட் ஐடி கண்டுபிடித்து, நீக்குவதற்குப் பதில் விளம்பர வருமானத்தை இசை நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டிருக்கும். அந்த ஏற்பாடு யூடியூபுக்கும் இசை நிறுவனத்துக்கும் இடையில். உங்களுக்கு அதில் எந்த உரிமமும் இல்லை. வீடியோ இடம் மாறினால் அனுமதி கூடவே வராது. கல்யாணத்தில் பாட்டுப் போட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், 52-ஆம் பிரிவில். அது மண்டபத்தில் பாட்டு ஒலிப்பதோடு நிற்கிறது, இணையத்தில் ஏற்றுவதற்கு வராது.

“உரியவருக்கு நன்றி” என்று கீழே போடுவது அனுமதி ஆகாது. முப்பது விநாடி வரை எடுக்கலாம் என்ற கணக்கும் சட்டத்தில் எங்கும் இல்லை.

சரி, அட்மின்கள், அதாவது சர்வரை நடத்துபவர்கள் பக்கம் வருவோம். ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கணக்கைத் திறந்துவிட்டு, ஏறுவதைப் பார்க்காமலே இருப்பவர்கள் உண்டு. புதிதாக ஏறும் வீடியோவை அட்மின் பார்த்து அனுமதிக்கும்வரை நிறுத்திவைக்கும் அமைப்பு பீர்டியூபிலேயே இருக்கிறது. சிறிய சர்வருக்கு அதைப் போட்டுவைப்பது நல்லது. அதைவிடப் பெரிய தவறு, புகார் வரும் மின்னஞ்சலைத் திறந்தே பார்க்காதது. இந்தியாவில் 2013 பதிப்புரிமை விதிகளின்படி, எழுத்துப்பூர்வமான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அந்தப் படைப்பை மற்றவர்கள் அணுக முடியாதபடி செய்ய வேண்டும். 21 நாளுக்குள் புகார்தாரர் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறக்கலாம். அமெரிக்காவில் 1998-இன் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், மற்றவர்கள் ஏற்றியதற்காக சர்வர் நடத்துபவர் மாட்டிக்கொள்ளாமலிருக்கத் தரும் பாதுகாப்பு வேண்டுமென்றால், புகார் வாங்கும் ஏஜென்ட் ஒருவரை அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டும். கட்டணம் 6 டாலர்தான். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் பதிவு காலாவதி ஆகிவிடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று, நகல். மற்ற சர்வர்களின் பளுவைக் குறைக்க, அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களை உங்கள் சர்வரும் எடுத்து வைத்துக்கொள்ளும்படி அமைக்கலாம். உதவும் மனசோடுதான் செய்கிறோம். ஆனால் எது வந்து சேர்கிறது என்பதை நிரல் முடிவுசெய்கிறது. ஃபைல் இருப்பதோ உங்கள் சர்வரின் டிஸ்க்கில். அதனால் இந்த வசதியை நம்பிக்கையான சர்வர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பி2பி (பார்ப்பவர்களே ஒருவருக்கொருவர் வீடியோவை அனுப்பிக்கொள்ளும் முறை) இயங்கும்போது உங்கள் பிரவுசர் வீடியோவின் துண்டுகளை மற்றவர்களுக்கும் அனுப்புகிறது, உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியும் அவர்களுக்குத் தெரியும். வேண்டாமென்றால் அமைப்புகளில் அணைத்துவிடலாம்.

அப்புறம், “நீக்கிவிட்டேன், முடிந்தது” என்று இருந்துவிடுவது. உங்கள் சர்வர் நீக்கச் செய்தியை மற்றவற்றுக்கு அனுப்பும், உண்மைதான். அந்த நேரம் அணைந்து கிடக்கும் சர்வரிலும், செய்தியை மதிக்காத சர்வரிலும் நகல் தங்கிவிடலாம். உங்கள் வீடியோக்களை யார் நகலெடுத்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் நிர்வாகப் பக்கத்தில் இருக்கிறது. நீக்குவதற்கு முன்பே அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தந்த அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள்.