படிவம் 4-இல் ஆட் மேத்ஸ் எடுக்கலாமா? தோட்டப்புறப் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

மலேசிய இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டான படிவம் 3 முடியும் தறுவாயில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வரும். பாடத் தொகுப்புகளின் பெயர்கள் அதில் மலாய்மொழியில் அச்சிடப்பட்டிருக்கும். ஏதாவது ஒரு கட்டத்தில் குறியிட்டு, பெற்றோர் கையொப்பத்துடன் சில நாளில் திருப்பித் தர வேண்டும். நான் படிவம் 3 முடித்தபோதும் இப்படி ஒரு தாள் வந்தது. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்பியிருந்த அப்பா, நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டார். நான் விரல் வைத்த இடமோ, என் பக்கத்து இருக்கை நண்பன் முந்தின நாள் குறியிட்ட இடம். அந்தத் தொகுப்பில் ஆட் மேத்ஸ் எனும் கூடுதல் கணிதம் இல்லை என்பதைப் படிவம் 4 தொடங்கிய பிறகுதான் அறிந்தேன். மாற்றிக் கேட்டபோது வகுப்பு நிரம்பிவிட்டது என்றார்கள். படிவம் 5 இறுதியில் வரும் எஸ்பிஎம் தேர்வை முடித்த பிறகு அந்தப் பாடத்தைப் பள்ளி வழியாக அல்லாமல் தனியார் தேர்வராக எழுதித்தான் தேற முடிந்தது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் இப்போதும், ஆண்டுதோறும் அதே தாள் அதே அவசரத்தில் நிரப்பப்படுவதைப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். எஸ்பிஎம்மில் கணிதம் கட்டாயப் பாடம். அதை எடுப்பதா விடுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. நாம் தெரிவுசெய்ய வேண்டியது கூடுதல் கணிதம் ஒன்றைத்தான். அதைத்தான் எல்லாரும் ஆட் மேத்ஸ் என்கிறோம். படிவம் 3 முடிவில் பொதுத் தேர்வாக முன்பு பிஎம்ஆரும் அதற்குப் பின் பிடி3-உம் இருந்த காலத்தில், அந்தத் தேர்வு முடிவே பிள்ளையை அறிவியல் வகுப்புக்கோ கலை வகுப்புக்கோ தள்ளிவிடும். பிடி3 2022-இல் நீக்கப்பட்டது. அறிவியல், கலை என்ற பழைய இரு பிரிவுகளும் 2020 முதல் பாடத் தொகுப்புகளாக மாறிவிட்டன. எனவே ஆட் மேத்ஸ் எடுக்க வேண்டுமானால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து எடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பது பழைய கணக்கு. கணக்கியலோடும் பொருளியலோடும் சேர்த்து ஆட் மேத்ஸ் தரும் பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளியில் எந்தெந்தச் சேர்க்கைகள் கிடைக்கும் என்பதைத் தாளை நிரப்பும் முன் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியரிடம் நேரில் கேட்பது நல்லது. தாளில் அச்சாகாத சேர்க்கை கேட்டால் கிடைப்பதும் உண்டு.

இரண்டு பாடங்களும் எப்படி வேறுபடுகின்றன?

படிவம் 4, 5 கணிதம் அகலமானது. எண் அடிமானம், கணங்கள், தருக்கம், நிகழ்தகவு, அணிகள் ஆகியவற்றோடு நிதி நிருவாகம், காப்புறுதி, வரி ஆகியவையும் அதில் உண்டு. சம்பளம் வாங்கப் போகும் எவருக்கும் இவை பயன்படும் என்பதால் அந்தப் பாடத்தை நான் ஒருபோதும் மட்டமாகப் பேசுவதில்லை. ஆட் மேத்ஸோ ஆழமானது. சார்பு, இருபடிச் சார்பு, மடக்கை, வெக்டர் என்று படிவம் 4-இல் தொடங்கி, படிவம் 5-இல் வகையிடலுக்கும் தொகையிடலுக்கும் போகிறது. ஓர் இயல் புரியாவிட்டால் அடுத்த இயலும் புரியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். வீட்டுக்குப் பின்னால் சுவரை ஒட்டிச் செவ்வகமாக ஒரு காய்கறிப் பாத்தி போட வேண்டும். கைவசம் 40 மீட்டர் கம்பிவலை இருக்கிறது. சுவர்ப் பக்கம் வலை தேவையில்லை. அகலம் 8 மீட்டர் வைத்தால் நீளம் 24 மீட்டர் ஆகும், பரப்பளவு 192 சதுர மீட்டர். அகலத்தை 10 ஆக்கினால் நீளம் 20, பரப்பளவு 200. அகலத்தை 12 ஆக்கினால் நீளம் 16, பரப்பளவு மறுபடியும் 192-க்கு இறங்கிவிடுகிறது. இப்படி எண்களைப் போட்டுப் பார்த்தோ வரைபடம் வரைந்தோ 10 என்ற விடைக்கு வந்துவிடலாம். ஆட் மேத்ஸ் அதோடு நிற்காது. வலை எத்தனை மீட்டராக இருந்தாலும், அதில் நான்கில் ஒரு பங்கை அகலமாகவும் பாதியை நீளமாகவும் வைத்தால்தான் பரப்பளவு மிகும் என்பதை எண்ணே இல்லாமல், எழுத்துகளைக் கொண்டு நிறுவச் சொல்லும். எண்ணை விட்டு எழுத்துக்குத் தாவும் அந்த இடத்தில் பிள்ளைக்கு ஆர்வம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்பதைக் கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் சொல்லும்.

தேர்வுத் தாளிலும் வேறுபாடு உண்டு. கணிதத்தின் முதல் தாளில் 40 புறவயக் கேள்விகள் இருப்பதால் ஊகித்துக் குறியிட்டும் சில புள்ளிகள் பெறலாம். ஆட் மேத்ஸில் அந்த வசதி இல்லை. 2 மணி நேரத் தாள் ஒன்று, இரண்டரை மணி நேரத் தாள் ஒன்று; இரண்டிலும் வழிமுறையை எழுதிக் காட்ட வேண்டும். வழிமுறைக்கும் புள்ளி உண்டு என்பதால், விடை தவறினாலும் எழுதிப் பழகிய பிள்ளை வெறுங்கையோடு திரும்பாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

படிவம் 3 கணிதத்தில் ஏ எடுத்தவர் எல்லாரும் ஆட் மேத்ஸில் தேறிவிடுவதுமில்லை, சி எடுத்தவர் எல்லாரும் தோற்றுவிடுவதுமில்லை. உண்மையில் பார்க்க வேண்டியது இயற்கணிதத்தைத்தான். அது படிவம் 1 முதல் 3 வரையிலான பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. கால்குலேட்டரை ஒதுக்கி வைத்துவிட்டு, இருபது நிமிடத்தில் பின்வரும் ஐந்தையும் பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள். தெரியாத எண்ணுக்கு அ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அ² + அ − 12 என்பதைக் காரணிப்படுத்துவது முதல் கேள்வி. விடை (அ + 4)(அ − 3). 2/அ என்பதையும் 3/(அ + 1) என்பதையும் கூட்டி ஒரே பின்னமாக்குவது இரண்டாவது. மேலே 5அ + 2, கீழே அ(அ + 1) வர வேண்டும். கூம்பின் கன அளவுச் சூத்திரத்தை எழுதி, ஆரத்தை மட்டும் ஒரு பக்கத்தில் தனியே நிறுத்துவது மூன்றாவது. (1, 2), (3, 8) ஆகிய புள்ளிகள் வழியே செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் கண்டுபிடிப்பது நான்காவது; சரிவு 3 என்றும், செங்குத்து அச்சை −1-இல் வெட்டும் என்றும் வந்தால் சரி. 2-இன் அடுக்காக அ + 1 நின்றால் மதிப்பு 16, அப்படியானால் அ எவ்வளவு என்பது ஐந்தாவது, விடை 3.

நான்கோ ஐந்தோ சரியாக வந்தால் தயங்காமல் ஆட் மேத்ஸ் எடுக்கலாம். இரண்டு மூன்று மட்டும் சரியானால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தவறு எப்படி நேர்ந்தது என்று பாருங்கள். என் வகுப்பில் அதிகமாகத் தடுமாறுவது இரண்டாவது கேள்வியில்தான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, 5-இன் கீழ் 2அ + 1 என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதிய பிள்ளையிடம், அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்பேன். ஆறில் ஐந்து என்று பதில் வந்தால் பின்னம் புரிந்திருக்கிறது, எழுத்தைக் கண்டுதான் மிரள்கிறது என்று பொருள்; பள்ளி விடுமுறையிலேயே சரிசெய்துவிடலாம். ஐந்தில் இரண்டு என்று பதில் வந்தால் சிக்கல் தமிழ்ப்பள்ளி நாளிலிருந்தே கூடவே வந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஆட் மேத்ஸில் சேர்ப்பது பிள்ளையைத் துன்புறுத்துவதாகும். ஐந்தில் ஒன்றுகூட வராத பிள்ளையை ‘எல்லாரும் எடுக்கிறார்கள்’ என்பதற்காக அனுப்ப வேண்டாம். கட்டாயக் கணிதத்தில் நல்ல கிரெடிட் (சி-யும் அதற்கு மேலும்) எடுக்க அந்த நேரத்தைச் செலவிடட்டும்.

எந்தப் படிப்புக்கு எது தேவை?

பொறியியலுக்கும் கணிதம், இயற்பியல் பட்டப்படிப்புகளுக்கும் போக நினைப்பவர்கள் ஆட் மேத்ஸை விடக் கூடாது. கணினியியல் பட்டப்படிப்புக்கும் ஆட் மேத்ஸ் கிரெடிட் இருந்தால் வழி எளிது. கணிதத்தோடு ஓர் அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பாடத்தில் கிரெடிட் வைத்திருப்பவர்களை ஏற்கும் இடங்களும் உண்டு. கணக்கியலுக்கு வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், குறியீட்டு எண்ணும் நேரியல் திட்டமிடலும் ஆட் மேத்ஸில் வணிகத் துறைப் பிள்ளைகளுக்காகவே வைக்கப்பட்டவை, இரண்டாம் தாளின் கடைசிப் பகுதியில் அவற்றையே தெரிவுசெய்து எழுதலாம்.

ஆறாம் படிவத்துக்குப் போனால் அதன் இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மில் மேத்தமேட்டிக்ஸ் டி (T), மேத்தமேட்டிக்ஸ் எம் (M) என்று இரண்டு உண்டு. டி என்பது ஆட் மேத்ஸின் தொடர்ச்சி. ஒரு தவணை முழுவதும் நுண்கணிதம்தான். ஆட் மேத்ஸ் படிக்காமல் அங்கே போய் உட்காருபவர் முதல் மாதத்திலேயே திணறிவிடுவார். எம் என்பது வணிகம், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்கு உரியது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புக்கான கோப்பேங் மெட்ரிகுலேஷன் கல்லூரியையோ, 1969-இல் தொடங்கப்பட்டு நாட்டின் முதல் பொலிடெக்னிக்காக விளங்கும் ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக்கையோ மனத்தில் வைத்திருப்பவர்கள், அந்தந்தப் படிப்பின் அதிகாரபூர்வத் தளத்தில் சேர்க்கைத் தகுதியைப் படிவம் 3-இலேயே ஒரு முறை படித்துவிட வேண்டும். தகுதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால் அண்ணன் சொன்னதையும் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். தாதிமை, சமையற்கலை, வாகனத் தொழில்நுட்பம் போன்றவற்றில் மனம் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு ஆட் மேத்ஸ் இல்லாததால் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

மொழிச் சிக்கல்

தோட்டப்புறப் பிள்ளைகள் கணிதத்தில் பின்தங்குவதாகச் சொல்லப்படும்போது பாதி நேரம் அது மொழிச் சிக்கல்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பின்னம், தசமம், விழுக்காடு என்று படித்தவர்கள், படிவம் 1-இல் கால் வைத்ததும் அவற்றைப் பெச்சாஹான், பெர்புலுஹான், பெராத்துஸ் என்று கேட்கிறார்கள். படிவம் 1-க்கு முன் மலாய்மொழிக்காக வைக்கப்படும் ரிமூவ் வகுப்பில் ஓராண்டு இருந்தவர்களுக்குக்கூட அந்த ஆண்டில் கணிதச் சொற்கள் முழுமையாகக் கைவருவதில்லை. எனவே ஆட் மேத்ஸ் எடுக்க முடிவுசெய்தவர்கள் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். சமன்பாடு என்றால் பெர்சாமாஆன், மூலம் என்றால் புஞ்சா, சரிவு என்றால் கெச்செருனான், வகையிடல் என்றால் பெம்பேஸாஆன், தொகையிடல் என்றால் பெங்ஙாமிரான் என்று தமிழையும் மலாயையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஆங்கிலச் சொல்லையும் அருகில் சேர்க்கலாம். எஸ்பிஎம் கணிதத் தாள்கள் மலாய், ஆங்கிலம் ஆகிய இரண்டு மொழிகளிலும் அச்சிடப்படுவதால், ஒன்றில் புரியாத கேள்வியை மற்றதில் படித்துப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றும் உண்டு. ஆட் மேத்ஸுக்கு நேரம் வேண்டும் என்று சொல்லித் தமிழ்மொழிப் பாடத்தை விடச் சொல்லும் அறிவுரையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டையும் எடுத்து நன்றாகத் தேறிய மாணவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள் என்பதால் அந்த அறிவுரை எனக்கு ஏற்புடையதில்லை.

பள்ளியில் வகுப்பே இல்லாவிட்டால்

சிறு நகரப் பள்ளிகளில் ஆள் சேராததால் ஆட் மேத்ஸ் வகுப்பு நடக்காமல் போவதுண்டு. அப்போது விருப்பமுள்ள பெற்றோர் ஒன்றுசேர்ந்து, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு தலைமையாசிரியரைப் பார்ப்பதே முதல் வழி. தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிட அதற்குப் பலன் அதிகம். அது பலிக்காவிட்டால், பாடம் இருக்கும் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றம் கேட்கலாம். பஸ் நேரத்தையும் கட்டணத்தையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணிக்கே எழுந்து புறப்படும் பிள்ளைக்கு இரவில் பயிற்சி செய்யத் தெம்பு இருக்காது. தனியார் தேர்வராக எழுதுவது கடைசி வழி. அதில் எவ்வளவு தனிமை என்பதை அனுபவத்தில் அறிந்தவன் என்பதால் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன்.

சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதங்கள் முக்கியமானவை. நாளும் நான்கு கணக்கு செய்தால் போதும். சனிக்கிழமை ஒரே மூச்சில் முப்பது செய்வதால் பெரிய பயன் இல்லை. முதல் சோதனையில் பத்தோ பதினைந்தோ எடுத்தவர்கள் மிரள வேண்டாம், ஆட் மேத்ஸில் அது வழக்கமான தொடக்கம். இருபடிச் சார்பு முடிந்த பிறகும் காரணிப்படுத்தலே கைகூடவில்லை என்றால் மட்டும், பாடத்தை மாற்ற எந்தத் தேதி வரை பள்ளி அனுமதிக்கும் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, அதற்குள் முடிவெடுங்கள்.

தாளைத் திருப்பித் தருவதற்கு முன் கைப்பேசியில் அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது இந்தத் தொகுப்பு, எனக்குக் கிடைத்தது வேறு என்று அலுவலகத்தில் சொல்ல நேர்ந்தால், காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கும்.