வே பவுடர் குடித்தால் வயிறு உப்புகிறதா? பாலை மாற்றிப் பாருங்கள்

உடற்பயிற்சி முடிந்து குடிக்கும் வே புரோட்டீனை (பாலிலிருந்து பிரித்தெடுக்கும் புரதப் பவுடர்) பாலில் கலக்காமல் பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். வயிறு உப்புசம், கடமுடா சத்தம் எல்லாம் பலருக்கு இதிலேயே அடங்கிவிடும். டப்பாவை மாற்றவோ செரிமான மாத்திரை வாங்கவோ வேண்டியிருக்காது.

காரணம் லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கும் சர்க்கரை. 250 மில்லி பாலில் ஏறக்குறைய 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. அதிகம் சுத்திகரிக்காத 'கான்சன்ட்ரேட்' வகை வே பவுடரிலும் கொஞ்சம் உண்டு. இரண்டும் சேரும்போது சிலர் குடலால் சமாளிக்க முடிவதில்லை. செரிக்காமல் தங்கியதைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்க வைக்க, வாயு கிளம்புகிறது. பாலை விட்டால் பெரும்பங்கு போய்விடும். தண்ணீர் ருசிக்கவில்லையா, சரி, நன்றாகப் புளித்த மோரில் கலக்கலாம். அதில் லாக்டோஸ் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் வியர்வையில் போன உப்பும் கொஞ்சம் திரும்பும். சாக்லேட் பவுடரை மட்டும் மோரில் போட்டுவிடாதீர்கள், வாயில் வைக்க முடியாது.

பால் புரோட்டீனே அலர்ஜி என்றால் இந்த வழி உதவாது. வே பவுடரையே தொடக்கூடாது. தண்ணீரில் கலந்தும் உப்புசம் நீடித்தால் லேபிளில் 'ஐசோலேட்' வகையா என்று பாருங்கள், அதில் லாக்டோஸ் மிகக் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் புரோட்டீன் பவுடரையும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம்.