கீமோவுக்கு முன் கேட்க வேண்டியவை, கீமோவில் கவனிக்க வேண்டியவை

எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வயது 31. குழந்தை இல்லை. என் வயதுப் பெண்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: கீமோ ஆரம்பிக்கும் முன்பே குழந்தைப்பேறு பற்றி நீங்களே டாக்டரிடம் பேச்செடுங்கள். கீமோ கருமுட்டைகளைப் பாதிக்கும். முட்டைகளை எடுத்து உறையவைக்கச் சுமார் 2 வாரம் ஆகும்; அந்த அவகாசம் முதல் ஊசிக்கு முன்னால் வேண்டும். மாமியார் எதிரில் கேட்கக் கூச்சமா? அவரைக் கொஞ்சநேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். கல்யாணம் ஆகாதவர்களும் அவசியம் கேளுங்கள். கீமோ நடக்கும்போது மாதவிடாய் நின்றுபோனாலும் கரு தங்கலாம் என்பதால் ஆணுறையோ காப்பர் டியோ தேவை. ஹார்மோன் மாத்திரை கூடாது.

வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பெரும்பாலும் ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் நான் விசேஷ வீடுகளுக்குப் போகவில்லை, கடைச் சட்னியைத் தொடவில்லை.

டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும்; அது மருந்தின் நிறம், பயம் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். நான் முன்பே கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன், தலையணைக்குப் பழைய பருத்தி வேட்டியைச் சுற்றினேன். வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிக்கலாம். ரசம் எரிந்தது, இட்லியும் தயிரும்தான் இறங்கின.

அன்போடு உறவினர்கள் கொண்டுவரும் கஷாயம், லேகியம் எதையும் டாக்டரிடம் காட்டாமல் சாப்பிடாதீர்கள். சிலது கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கும்.