சீனாவுல இன்டர்ன்ஷிப்: ஏஜென்சிக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிச்சுருங்க

அழகப்பால எம்பிஏ படிக்கிற பிள்ளைங்க, சிக்ரி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல பி.டெக் பண்ற பிள்ளைங்க, டைல்ஸ் கடை வச்சிருக்க வீட்டுப் பசங்கன்னு நம்ம காரைக்குடி, தேவகோட்டை பக்கம் சீனா இன்டர்ன்ஷிப் பத்தி விசாரிக்கிறவங்க இப்ப நெறய பேரு இருக்காங்க, கூடவே "3 மாசம் சீனா, தங்க இடம், சர்டிபிகேட், விசா கேரண்டி"ன்னு வாட்ஸ்அப்ல வர்ற போஸ்டரும் நெறய. போகாதீங்கன்னு நான் சொல்ல வரல, போகணும், நல்லாப் போகணும். ஆனா எந்தக் கம்பெனி, எந்த விசா, என்ன வேலைங்கிற இந்த மூணும் எழுத்துல உங்க கையில வராம ஒத்த ரூபா கட்டாதீங்க, நான் சொல்ல வர்றது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அத எப்படி வாங்குறது, எப்படி சரிபாக்குறதுங்கிற கதை.

மொதல்ல ஊர முடிவு பண்ணுங்க, ஏஜென்சி அப்புறம். பேட்டரி, எலக்ட்ரோகெமிஸ்ட்ரி படிக்கிறவங்களுக்கு ஷென்ஜென்ல பிஒய்டி இருக்கு, ஃபுஜியான் மாகாணத்துல நிங்டேங்கிற ஊருல சிஏடிஎல் இருக்கு, ரெண்டும் பேட்டரி செய்ற கம்பெனி, இந்த மாதிரி பெரிய கம்பெனிக்கு சப்ளை பண்ற சின்னக் கம்பெனிகள்ல இடம் கேட்டுப் பாருங்க, அங்க கத்துக்க நெறய இருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ், செராமிக், கட்டட சாமான் தொழில் வீட்டுப் பிள்ளைங்கன்னா குவாங்சோவுக்குப் பக்கத்துலயே இருக்க ஃபோஷான் தான் ஊரு, டைல்ஸுக்குப் பேர் போன இடம். ஏற்றுமதி இறக்குமதின்னா சில்லறைச் சாமான் மொத்த மார்க்கெட்டுக்கு யிவு, இல்லாட்டி குவாங்சோ, அங்க 1957லேர்ந்து நடக்குற கேன்டன் ஃபேர்ங்கிற பெரிய வர்த்தகக் கண்காட்சி வருஷத்துக்கு ரெண்டு தடவ, வசந்த காலத்துல ஒண்ணு அக்டோபர் வாக்குல ஒண்ணு. அந்த சமயத்துல இன்டர்ன்ஷிப் இருந்துச்சுன்னா ஒரு மாசத்துல பாக்குற வியாபாரத்த வேற எப்பவும் பாக்க முடியாது. அதே மாதிரி சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசி பிப்ரவரில வரும், அப்ப ஃபேக்டரி எல்லாம் நாள் கணக்கா பூட்டிக் கெடக்கும், எல்லாரும் சொந்த ஊருக்குப் போயிருவாங்க, அந்த நேரத்துல உங்கள அனுப்புறேன்னு ஏஜென்சி சொன்னா ஏன்னு கேளுங்க.

ஏஜென்சி வேலை என்னன்னா கம்பெனி தேடித் தர்றது, வீடியோ கால்ல இன்டர்வியூ ஏற்பாடு பண்றது, அழைப்புக் கடிதம் வாங்கித் தர்றது, ரூம் பாத்துத் தர்றது, ஏர்போர்ட்ல ஆள் அனுப்புறது. விசா குடுக்குறது ஏஜென்சி இல்ல, சீன அரசாங்கம். அதனால "விசா கேரண்டி"ன்னு போடுற இடத்துல ஜாக்கிரதையா இருங்க, யாராலயும் அப்படி கேரண்டி குடுக்க முடியாது.

இப்ப விசா, இங்கதான் பிள்ளைங்க மாட்டிக்கிறாங்க அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். சீன விசாவ இங்கிலீஷ் எழுத்த வச்சுத்தான் வகை பிரிப்பாங்க, அதுல இன்டர்ன்ஷிப்புக்குன்னு தனி எழுத்தே கிடையாது. இசட்னா வேலை, ஆனா அதுக்குப் பொதுவா டிகிரியும் ரெண்டு வருஷ அனுபவமும் கேப்பாங்க, படிச்சுக்கிட்டு இருக்க பிள்ளைக்குக் கிடைக்கிறது கஷ்டம். எக்ஸ் 1, எக்ஸ் 2ன்னா படிப்பு, 180 நாளுக்கு மேலன்னா 1, அதுக்குள்ளன்னா 2. எஃப்னா பரிமாற்றம், பார்வையிடுறது மாதிரி விஷயத்துக்கு, எம்னா வியாபாரம், எல்னா சுற்றுலா. டூரிஸ்ட் விசால வாங்க அங்க வந்து மாத்திக்கலாம்னு எவனாச்சும் சொன்னா போன வச்சுருங்க. எஃப்லயும் எம்லயும் பிள்ளைங்கள அனுப்புற ஏஜென்சி இருக்கு, ஆனா அந்த விசால போய் கம்பெனிகிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு வேலை பாத்தா சட்டவிரோத வேலைன்னு ஆயிரும், அபராதம் 5,000லேர்ந்து 20,000 யுவான் வரைக்கும், ரொம்ப மோசம்னா 5லேர்ந்து 15 நாள் உள்ள வைக்கவும் செய்வாங்க. 2013 ஜூலைலேர்ந்து இருக்க சட்டம் இது. இடையில ஆள் சேத்து விட்டவனுக்கும் அபராதம் உண்டு, ஆனா அவன் காரைக்குடியில உக்காந்திருப்பான், மாட்டுறது நீங்கதான்.

எல்லாத்துலயும் சுத்தமான வழி, ஒரு சீன யுனிவர்சிட்டில 180 நாளுக்கு மேல உள்ள படிப்புல சேந்து எக்ஸ் 1ல போயி, அங்க தங்குறதுக்கு ரெசிடென்ஸ் பர்மிட் வாங்கி, யுனிவர்சிட்டி சம்மதத்தோட இந்த எடத்துல இவ்வளவு நாள் இன்டர்ன்ஷிப்னு அந்தப் பர்மிட்லயே குறிப்பு போட்டு வாங்கிக்கிறது. டைம் கூடுதல் ஆகும், ஆனா நிம்மதி. ஏஜென்சிகிட்ட கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "எனக்கு எந்த எழுத்து விசா, அந்த விசால இந்த வேலைய நான் செய்யலாமா, ஈமெயில்ல எழுதிக் குடுங்க". வாயால சொல்றது வேணாம். எழுதி வந்தத வச்சு சீன விசா சென்டர்லயே நேரா கேட்டு உறுதி பண்ணிக்கங்க.

இன்னொன்னு, இது பொண்ணுங்களுக்கு ரொம்ப வருது. மார்க்கெட்டிங் இன்டர்ன்ஷிப்னு கூட்டிட்டுப் போயி கிண்டர்கார்டன்ல ஏ பி சி டி சொல்லித்தர விடுறது. அங்க இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு பர்மிட் குடுக்குறது இங்கிலீஷ் தாய்மொழியா இருக்க நாட்டுக்காரங்களுக்குத்தான், நம்ம பாஸ்போர்ட்டுக்கு சாதாரணமா கிடைக்காது, அதுவும் படிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கவே கிடைக்காது. செக்கிங் வந்தா ஸ்கூல்காரன் பின்வாசல் வழியா ஓடுங்கன்னுதான் சொல்லுவான். அதனால ஒப்பந்தத்துல "கம்பெனி சொல்ற பிற பணிகள்"னு ஒரு வரி இருந்தா அத அடிச்சுட்டு, என்ன டிபார்ட்மென்ட், யாரு மேல இருக்கா, தினம் எத்தன மணி நேரம்னு எழுதச் சொல்லுங்க.

கம்பெனிய எப்படிப் பாக்குறது? ஆஃபர் லெட்டர் வந்ததும் அதுல சிவப்பா ஒரு வட்ட முத்திரை இருக்கும், நடுவுல நட்சத்திரம், சுத்தி சீன எழுத்து. சீனாவுல கையெழுத்த விட அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு. லெட்டர் தலைப்புல இங்கிலீஷ்ல பெருசா குளோபல் இன்டர்நேஷனல் குரூப்னு என்ன வேணாலும் போட்டுக்கலாம், சட்டப்படி பேரு அந்த சீன எழுத்துல இருக்கது தான். அதோட அவங்க பிசினஸ் லைசென்ஸ் காப்பி கேளுங்க, உள்ள 18 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், நடுவுல இங்கிலீஷ் எழுத்தும் வரலாம், கம்பெனி ஒவ்வொண்ணுக்கும் ஒரே நம்பர். ஆஃபர் லெட்டரயும் லைசென்ஸயும் பக்கத்துல பக்கத்துல வச்சு, முத்திரைல இருக்க எழுத்தும் லைசென்ஸ்ல இருக்க பேரும் ஒண்ணான்னு ஒவ்வொரு எழுத்தா பாருங்க, சீனம் தெரியணும்னு அவசியம் இல்ல, கோலம் ரெண்டு ஒரே மாதிரி இருக்கான்னு பாக்குற மாதிரிதான், அப்புறம் போன் கேமராவ மேல காட்டி மொழிபெயர்ப்பு போட்டா என்ன தொழில் பண்ண லைசென்ஸ்னும் தெரிஞ்சுரும். டைல்ஸ் கம்பெனின்னு சொல்லிட்டு லைசென்ஸ்ல கல்வி ஆலோசனைன்னு இருந்தா அங்கயே விஷயம் முடிஞ்சுச்சு. தியான்யான்ச்சா (Tianyancha), சிச்சாச்சா (Qichacha)ன்னு ரெண்டு சைட் இருக்கு, அந்த 18 இலக்க நம்பரப் போட்டா கம்பெனி எப்ப ஆரம்பிச்சது, இப்ப ஓடுதா, கேஸ் இருக்கான்னு காட்டும். இங்கேருந்து திறக்கலைன்னா சீனாவுல இருக்க தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துச் சொல்லட்டும், ரெண்டு நிமிஷ வேலை. இன்டர்வியூல வருங்கால மேனேஜர் முகத்தப் பாத்துப் பேசாம, ஏஜென்சி ஆளே கேள்வி கேட்டு ஏஜென்சி ஆளே செலக்டட்னு சொன்னா அது இன்டர்வியூ இல்ல.

காசு. நம்ம ஐயாமாரு காலத்துல ரங்கூன், பினாங்குக் கடைக்கு வேலை பழகுற பெட்டியடிப் பையனா போனவங்க கூட எத்தன வருஷக் கணக்கு, சம்பளம் எவ்வளவு, என்ன பொறுப்புன்னு பேசி எழுதிக்கிட்டுத்தான் கப்பல் ஏறினாங்க, நீங்க பிளேன் ஏறுறதுக்கும் அந்த எழுத்து வேணும். ஃபீஸ மூணு தவணையா கட்டுறேன்னு கேளுங்க, பதிவுக்குக் கொஞ்சம், கம்பெனி பேரோட ஆஃபர் லெட்டர் வந்ததும் கொஞ்சம், விசா கைக்கு வந்த பின்னாடி மிச்சம். கம்பெனி அக்கவுண்டுக்கு மட்டும், ஜிஎஸ்டி பில்லோட, தனி ஆள் ஜிபேக்கு வேணாம். விசா ரிஜெக்ட் ஆனா எவ்வளவு திரும்பும், போன இடத்துல சொன்ன வேலை இல்லைன்னா எத்தன நாள்ல வேற இடம், ரூம்ல எத்தன பேரு, கரண்ட் பில் யாரு, இதெல்லாம் ஒப்பந்தத்துல இருக்கணும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் 1983 குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணிருக்கணும், அவங்க இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல ஏஜென்ட் பேரப் போட்டுப் பாக்கலாம், பதிவு பண்ண ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச கட்டணம் 30,000 ரூபா கூட ஜிஎஸ்டி. இன்டர்ன்ஷிப், ட்ரெயினிங்னு பேரு வச்சுக்கிட்டு இந்தப் பதிவுக்குள்ள வராம நடத்துறவங்க நெறய, அதனால லட்சக் கணக்குல கேட்டா எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. அப்பச்சி ஆத்தாவயும் அந்தப் பேச்சுல உக்கார வைங்க, பெரியவங்க கேக்குற கேள்வி நமக்குத் தோணாது.

இன்சூரன்ஸ் விட்டுராதீங்க. சீனாவுல இன்டர்ன்ஷிப் பண்ற ஆள தொழிலாளின்னு பொதுவா எடுத்துக்க மாட்டாங்க, அதனால குறைஞ்சபட்ச சம்பளம், வேலை விபத்து இன்சூரன்ஸ் எதுவும் தானா வராது. ஃபேக்டரி உள்ள நிக்கப்போற பிள்ளைன்னா விபத்துக்கும் சேத்து கவர் ஆகுற பாலிசியா இங்கயே எடுத்துட்டுப் போங்க, சும்மா டிராவல் பாலிசி பத்தாது.

பாஸ்போர்ட் நமக்கு மதுரை மண்டலம், அதுல பெரிய சிக்கல் இல்ல. சீன விசா சென்டர் டெல்லி, மும்பை, கொல்கத்தால இருக்கு, சென்னைல இல்ல, அதனால போக வர இருக்க நாளையும் செலவையும் கணக்குல வச்சுக்கங்க. பாஸ்போர்ட்ட விசாவுக்குக் குடுத்தா ரசீது வாங்குங்க, வந்ததும் உங்க கையில இருக்கணும். சீனாவுக்குப் போன பிறகு பத்திரமா வச்சிருக்கேன்னு கம்பெனியோ ஏஜென்சியோ கேட்டா குடுக்கவே கூடாது, 16 வயசு தாண்டுன வெளிநாட்டுக்காரங்க அத எப்பவும் கையில வச்சிருக்கணும்னு அங்க சட்டமே இருக்கு.

பயணத்துக்கு நமக்கு திருச்சிதான் வசதி, கோலாலம்பூர் இல்லாட்டி சிங்கப்பூர் மாறி குவாங்சோ. 2020ல நின்ன நேரடி விமானம் 2025 அக்டோபர்ல கொல்கத்தா குவாங்சோன்னு திரும்ப வந்துருச்சு, ஆனா காரைக்குடிலேர்ந்து கொல்கத்தா போறதுக்கு திருச்சி வழியே மேல்.

போன் விஷயம் முக்கியம். அங்க கூகுள், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டா எதுவும் சாதாரணமா ஓடாது. எல்லாமே வீசாட்ங்கிற மெசேஜ் ஆப்பும் அலிபேங்கிற பணம் கட்டுற ஆப்பும்தான், டீக்கு காசு குடுக்குறது கூட அதுலதான். ஆனா அந்த ரெண்டும் 2020லேர்ந்து நம்ம நாட்டுல தடை, இங்க போட முடியாது. ஆண்ட்ராய்டு போன்னா ஊர விட்டுப் போனதும் அந்தக் கம்பெனிகளோட சொந்த வெப்சைட்லேர்ந்து போட்டுக்கங்க, வீசாட்ல புது அக்கவுண்ட்டுக்கு ஏற்கனவே வச்சிருக்க ஒருத்தர் ஸ்கேன் பண்ணி உறுதி சொல்லச் சொல்லும், ஏஜென்சி ஆள ஏர்போர்ட்லயே அத செஞ்சு குடுக்கச் சொல்லுங்க. விசா கம்பெனி கார்டோ மாஸ்டர்கார்டோ ஒரு இன்டர்நேஷனல் கார்ட இங்கயே பேங்க்ல ஆக்டிவேட் பண்ணிட்டுப் போனா அந்த ஆப்ல இணைச்சுக்கலாம், ரூபே மட்டும் நம்பி போகாதீங்க. கையில கொஞ்சம் யுவான் நோட்டும் இருக்கட்டும். இன்டர்நேஷனல் ரோமிங் போட்ட நம்ம ஊர் சிம்ல வாட்ஸ்அப் பெரும்பாலும் ஓடும், ஆத்தாகிட்ட பேச மொத வாரம் அது கை குடுக்கும். அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி.

இறங்கின 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல தங்குற இடத்தப் பதிவு பண்ணணும். ஹோட்டல்னா அவங்களே பண்ணிருவாங்க, வாடகை ரூம்னா நீங்க வீட்டுக்காரரோட ஸ்டேஷன் போகணும். ஃபோஷான் போயிருக்க எங்க தெருப் பிள்ளை ஒண்ணு அங்க பதிவு பண்ணதுக்குக் குடுத்த சீட்ட போட்டோ எடுத்து வீட்டு குரூப்ல போட்டுச்சு, ஏ4 தாள்ல பேரு, பாஸ்போர்ட் நம்பர், ரூம் அட்ரஸ், ஸ்டேஷன் முத்திரை அவ்வளவுதான், ஆனா பின்னாடி பர்மிட் நீட்டிக்கன்னு எங்க போனாலும் மொதல்ல அதத்தான் கேக்குறாங்களாம். ரூம் மாத்துனா திரும்பப் பதியணும். எக்ஸ் 1ல போறவங்க 30 நாளுக்குள்ள ரெசிடென்ஸ் பர்மிட்டுக்குப் போடணும், மறந்தா விசா செல்லாதது மாதிரிதான்.

சாப்பாட்டுக்கு பருப்புப் பொடி, இட்லிப் பொடி, மிளகாய் வத்தல் குழம்புப் பொடி போதும். கருவாடு, கறி, நெய், பால் இனிப்பு, பழம், விதை எல்லாம் அவங்க கஸ்டம்ஸ்ல பிடிச்சுக்குவாங்க, ஆச்சி ஆசையா கட்டிக் குடுத்தாலும் எடுத்துட்டுப் போகாதீங்க. சைவம்னா "வோ ச்சு சூ"ன்னு சொல்லிப் பழகிக்கங்க, இருந்தாலும் கறி எண்ணெய், மீன் சாஸ் கலக்கும், அதனால ஒரு சின்ன ரைஸ் குக்கர் வாங்கிக்கிறதுதான் நல்லது.

ஏதாச்சும் பிரச்சனைன்னா போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 120, குடியேற்ற விஷயத்துக்கு 12367, அதுல இங்கிலீஷ்ல பேசலாம். நம்ம தூதரகம் பெய்ஜிங்ல, துணைத் தூதரகம் ஷாங்காய், குவாங்சோவுல இருக்கு, போய்ச் சேந்த அன்னைக்கே அவங்க நம்பர போன்ல சேமிச்சு, ஒரு பேப்பர்லயும் எழுதி பர்ஸ்ல வைங்க. சொன்ன வேலை இல்லைன்னா சண்டை போடாம, தினம் என்ன வேலை குடுத்தாங்கன்னு தேதி போட்டு எழுதி வச்சு, ஏஜென்சிக்கு ஈமெயில்ல அனுப்புங்க, போன்ல அழுதா ஒண்ணும் நடக்காது.

கடைசி வாரத்துல சர்டிபிகேட் விஷயத்தக் கிளப்புங்க, ஃபிளைட்டுக்கு மொத நாள் இல்ல. ஏஜென்சி லோகோ போட்ட சர்டிபிகேட்ட காலேஜ்ல நிறைய இடத்துல ஏத்துக்க மாட்டாங்க. கம்பெனி சீனப் பேரு, அந்த 18 இலக்க நம்பர், எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும், என்ன டிபார்ட்மென்ட், மேனேஜர் கையெழுத்து, அந்த சிவப்பு முத்திரை எல்லாம் இருக்கணும், முத்திரை ஹெச்ஆர் கிட்டயோ அக்கவுண்ட்ஸ்லயோ பூட்டி இருக்கும், அவங்க லீவுல போயிட்டா கிடைக்காது. சீனத்துல ஒண்ணு இங்கிலீஷ்ல ஒண்ணுன்னு ரெண்டு ஒரிஜினல் வாங்கி, மேனேஜரோட ஈமெயிலயும் வீசாட் ஐடியையும் கேட்டு வச்சுக்கங்க.